போன் பழுதா, எங்கே அறுந்திருக்கிறது? விரல், சிக்னல், கோல் பற்றி ஓர் எளிய விளக்கம்

எங்கள் ஒழுங்கையில் ஓர் ஆச்சி இருக்கிறார். மகன் கனடாவில், மகள் கட்டாரில். ஒரு நாள் காலையில் போனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். "பிள்ளை, காலமையில இருந்து இது தன்பாட்டில கதைக்குது. தொட்டா வாசிக்குது, ஆனா திறக்குதில்ல. மகன் எடுத்தான், கதைக்க ஏலாமப் போச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது. என்னிடம் வருவதற்கு முன்பே ஒரு கடையில் காட்டியிருக்கிறார். டிஸ்பிளே மாற்றவேண்டும் என்று சொல்லி, அவரால் கொடுக்க முடியாத ஒரு தொகையைக் கேட்டிருக்கிறார்கள்.

சத்தம் கூட்டும் பட்டனையும் குறைக்கும் பட்டனையும் சேர்த்து மூன்று செக்கன் அழுத்திப் பிடித்தேன். பேச்சு நின்றது. போன் பழையபடி ஆகிவிட்டது.

நடந்தது இதுதான். பார்வை இல்லாதவர்கள் பாவிப்பதற்காக அன்ட்ரொய்ட் போன்களில் 'டோக்பேக்' என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கும்போது, தொட்ட இடத்தில் இருப்பதைப் போன் வாசித்துச் சொல்லும். திறப்பதற்கு இரண்டு முறை தட்டவேண்டும். மேலே கீழே நகர்த்த இரண்டு விரல் வேண்டும். தேவையானவர்களுக்கு அது கண் மாதிரி. தெரியாமல் இயங்கிவிட்டால் மற்றவர்களுக்குப் பூட்டிய கதவு. பெரும்பாலான போன்களில் இரண்டு சத்தப் பட்டன்களையும் சேர்த்து அழுத்துவதே அதைத் திறக்கவும் மூடவும் உள்ள குறுக்கு வழி. ஆச்சி போனை இறுக்கிப் பிடித்தபடி தூங்கியிருக்கிறார். ஐபோனில் இதே வசதிக்குப் பெயர் 'வொய்ஸ்ஓவர்'. அங்கே குறுக்கு வழி வைத்திருந்தால், பக்கப் பட்டனை விரைவாக மூன்று முறை அழுத்த நிற்கும்.

என்னிடம் வருகிற போன்களில் பெரும்பாலானவை பழுதாகியவையே இல்லை. ஏதோ ஒன்று மாறியிருக்கிறது, அது எது என்று உரியவருக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாமைக்கு அவர்கள் காசு கொடுக்கிறார்கள், சிலர் வெட்கமும் படுகிறார்கள். இரண்டும் தேவையில்லை.

இரவில் வீட்டில் லைட் அணைந்தால் என்ன செய்கிறோம்? முதலில் வாசலுக்கு வந்து பக்கத்து வீட்டைப் பார்க்கிறோம். அங்கேயும் இருட்டென்றால் கரண்ட் போய்விட்டது. அங்கே வெளிச்சம் இருந்தால் நம் வீட்டு ட்ரிப் சுவிட்சைப் பார்க்கிறோம். அதுவும் சரியென்றால்தான் பல்ப்பைக் கழற்றுகிறோம். எடுத்த எடுப்பில் வயரிங்கை மாற்றுகிறவர் எவரும் இல்லை. போனுக்கும் இதே ஒழுங்குதான். உங்கள் விரல், போனின் கண்ணாடி, உள்ளே உள்ள செட்டிங், சிம், காற்றில் வரும் அலை, கோபுரம், மறுமுனையில் இருப்பவரின் போன் என்று ஒரு கோல் போய்ச் சேர இத்தனையும் வேலை செய்யவேண்டும். எது அறுந்திருக்கிறது என்று தெரியாமல் எதையும் மாற்றக்கூடாது. இனி வருவதெல்லாம் அதைத் தேடிப் பிடிக்கும் வழிகள்.

விரல் சொல்வது போனுக்குக் கேட்கவில்லை

முன்பு போனின் கீழே பட்டன் இருந்தது. அழுத்தினால் வேலை நடந்தது. 2017 இல் வந்த ஐபோன் எக்ஸ் அந்தப் பட்டனை எடுத்துவிட்டு விரல் அசைவைக் கொண்டுவந்தது. 2019 இல் அன்ட்ரொய்ட் 10 உடன் மற்றப் போன்களிலும் அது முழுமையாக வந்துவிட்டது. புதுப் போன் வாங்கியதும் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

அன்ட்ரொய்டில் மூன்று அசைவு தெரிந்தால் போதும். கீழ் விளிம்பிலிருந்து மேலே தள்ளினால் முதற்பக்கம் வரும். அப்படித் தள்ளிவிட்டு, விரலை எடுக்காமல் ஒரு கணம் நிறுத்தினால் திறந்து கிடப்பவை எல்லாம் வரிசையாக நிற்கும். இடது ஓரத்திலிருந்தோ வலது ஓரத்திலிருந்தோ உள்ளே இழுத்தால் ஒரு படி பின்னுக்குப் போகும். ஐபோனில் முதல் இரண்டும் அப்படியே, பின்னுக்குப் போவது மட்டும் இடது ஓரத்திலிருந்து.

தவறு எங்கே நடக்கிறது என்று பலரின் விரலைப் பார்த்துக் கவனித்திருக்கிறேன். அவர்கள் கண்ணாடியின் நடுப்பகுதிக்கு அருகே தொடங்கி இழுக்கிறார்கள். போனுக்கு அது பக்கத்தை நகர்த்துவது போலத்தான் தெரியும். விரல் கண்ணாடிக்கு வெளியே, கவரின் மேல் தொடங்கி உள்ளே வரவேண்டும். கவரின் விளிம்பு தடிப்பாக உயர்ந்து நின்றால் விரல் ஓரத்தைத் தொடவே தொடாது. கவரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை செய்து பாருங்கள். வேலை செய்தால் குற்றம் கவரில்.

பழகவே முடியவில்லை என்றால் பட்டன்களைத் திரும்பக் கொண்டுவரலாம். சம்சுங் போனில் செட்டிங்ஸ், டிஸ்பிளே, நெவிகேஷன் பார் என்று போகவேண்டும். வேறு பல போன்களில் சிஸ்டம், ஜெஸ்சர்ஸ், நெவிகேஷன் மோட் என்று இருக்கும். பெயர் கொஞ்சம் மாறினால், செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் பெட்டியில் நெவிகேஷன் என்று அடித்தால் வந்துவிடும். வயதானவர்களுக்கு நான் முதல் வேலையாகப் பட்டனைத்தான் போட்டுக்கொடுப்பேன். புதிய முறையைக் கற்றே ஆகவேண்டும் என்று யாரையும் வற்புறுத்தத் தேவையில்லை.

அசைவு சரியாக இருந்தும் கண்ணாடி கேட்கவில்லை என்றால், கண்ணாடி விரலை எப்படி அறிகிறது என்று கொஞ்சம் தெரிந்திருப்பது உதவும். கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கம்பி வலை ஒன்று இருக்கிறது. அதில் மிகச் சிறிய மின்னூட்டம் நிற்கும். நம் உடல் மின்சாரத்தைக் கடத்தும். விரல் கிட்டப் போனதும் அந்த இடத்து மின்னூட்டம் மாறுகிறது, அதைப் போன் அளக்கிறது. நகத்தால் தொட்டால் வேலை செய்யாததும், தடித்த கையுறையோடு தொட்டால் கேட்காததும் இதனால்தான்.

இங்கே நம் திருகோணமலை விஷயம் ஒன்று வருகிறது. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடலில் நனைந்த கையோடு போனை எடுத்தால், ஒவ்வொரு துளியும் ஒரு விரல் போலப் போனுக்குத் தெரியும். அது தானாகத் தட்டும், தானாக எழுதும், சிலவேளை யாருக்கோ கோல் எடுத்துவிடும். மீன் வாங்கிவிட்டு ஈரக் கையோடு எடுத்தாலும் இதே கதைதான். கையையும் கண்ணாடியையும் நன்னீரில் சற்று நனைத்த துணியால் துடைத்துவிட்டு, காய்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். அதன் பிறகும் தானாகத் தட்டினால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். மலிவான சார்ஜர்களிலிருந்து வரும் மின் இரைச்சல் அந்த மெல்லிய வலையைக் குழப்பும். கழற்றியதும் நின்றுவிட்டால் மாற்றவேண்டியது சார்ஜர்தான்.

நீர் புகாத போன் என்று நம்பிக் கடலுக்குள் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐபி68 போன்ற தரங்களுக்கான சோதனை நன்னீரில் நடக்கிறது. கடல் நீர் காய்ந்த பிறகும் உப்பு உள்ளே தங்கும். சார்ஜ் போடும் துளையில் அது பச்சையாகப் பூத்து உலோகத்தைத் தின்னும். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் உப்பு வெளியே வராது.

கண்ணாடியின் ஒரு பகுதி மட்டும் செத்திருக்கிறதா என்று அறிய ஓர் இலகுவான வழி உண்டு. முதற்பக்கத்தில் ஏதாவது ஒரு செயலியின் படத்தை அழுத்திப் பிடித்து, விரலை எடுக்காமல் கண்ணாடி முழுக்க மெதுவாக உழுவது போல இழுத்துப் போங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அது கையை விட்டு நழுவினால் அந்த இடம் பழுது. அப்போதுதான் டிஸ்பிளே பற்றி யோசிக்கவேண்டும். எங்குமே நழுவவில்லை என்றால் கண்ணாடி நன்றாக இருக்கிறது. தடித்த டெம்பர் கிளாஸ் ஒட்டிய பிறகு தொடுதல் மந்தமானால், செட்டிங்ஸில் 'டச் சென்சிடிவிட்டி' என்பதைத் தேடிப் போட்டுவிடுங்கள். எல்லாப் போனிலும் அது இல்லை, இருக்கிற போனில் நல்ல பலன் தரும்.

சிக்னல்: அந்தக் கோடுகள் உண்மையில் என்ன சொல்கின்றன

போனின் மேலே தெரியும் சிக்னல் கோடுகளைப் பலர் சத்தியமாக நம்புகிறார்கள். எத்தனை கோடு என்றால் எவ்வளவு பலம் என்று உலகப் பொது அளவு எதுவும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்தபடி வரைகிறது. ஒரே இடத்தில், ஒரே சிம்முடன், ஒரு போனில் மூன்று கோடும் இன்னொன்றில் இரண்டும் தெரிவது இதனால்தான்.

உண்மையான எண்ணைப் பார்க்கலாம். அன்ட்ரொய்டில் செட்டிங்ஸ், போனைப் பற்றி, சிம் நிலை என்று போனால் பலவற்றில் சிக்னல் பலம் டிபிஎம் என்ற அளவில் தெரியும். அது எப்போதும் கழித்தல் எண். பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் நல்லது. 4ஜி யில் -80 அளவில் இருந்தால் மிக நல்ல சிக்னல். -100 என்றால் பரவாயில்லை. -110 க்குக் கீழே போனால் குரல் தடுமாறத் தொடங்கும். -120 ஐ நெருங்கினால் கிட்டத்தட்ட இல்லை. இந்த அளவில் ஒரு நுட்பம் இருக்கிறது. 10 குறைந்தால் பலம் பத்தில் ஒன்றாகிறது. வாசலில் -85, உள் அறையில் -105 என்றால், அறைக்குள் வருவது வாசலில் இருப்பதில் நூறில் ஒரு பங்குதான். நாலு அடி நகர்ந்தால் கோல் தெளிவாவது ஏன் என்று இப்போது விளங்கும்.

அலைகளைத் தடுப்பவற்றில் முதல் எதிரி உலோகம். தகரக் கூரை போட்ட வீட்டின் நடுவில் சிக்னல் குறைவது அதனால்தான். அடுத்தது கம்பி வைத்த கொங்கிரீட். பிறகு ஈரமான மரங்கள். மாரி மழையில் தென்னந்தோப்புக்குள் இருக்கும் வீடுகளுக்கு இது தெரியும். யன்னல் பக்கம் போவது, மாடிக்கு ஏறுவது எல்லாம் மூடநம்பிக்கை இல்லை, உண்மையாகவே வேலை செய்யும். இன்னொன்று, இலங்கையில் போன் நிறுவனங்கள் 900, 1800, 2100 மெகாஹேர்ட்ஸ் போன்ற பல அலைவரிசைகளைப் பாவிக்கின்றன. 900 தூரமாகப் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். உயர்ந்தவை அதிக டேட்டாவைச் சுமக்கும், ஆனால் சுவரில் தேய்ந்துபோகும். வீட்டுக்குள் கோல் கிடைத்தும் இன்டர்நெட் இழுபடுவதற்கு இது ஒரு காரணம்.

நம் நிலத்தின் அமைப்பும் இதில் சேர்கிறது. திருகோணமலை உட்துறைமுகம் குன்றுகளால் சூழப்பட்டது. காற்றிலிருந்து கப்பல்களைக் காக்கும் அதே குன்றுகள் அலைகளுக்கும் நிழல் போடுகின்றன. கோபுரத்துக்கும் உங்களுக்கும் இடையே ஒரு பாறை முதுகு வந்தால், கோபுரம் கிட்ட இருந்தும் சிக்னல் இருக்காது. பத்தடி நடந்து வளைவைக் கடந்தால் வந்துவிடும். ஆகவே ஓரிடத்தில் சிக்னல் இல்லை என்றதும் போனைக் குறை சொல்லாதீர்கள். பக்கத்தில் நிற்பவரிடம், அதே நிறுவனத்து சிம் போட்டிருப்பவரிடம், அவருக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு லைட்டைப் பார்ப்பது என்று சொன்னேனே, அது இதுதான். அவருக்கும் இல்லையென்றால் இடத்தின் குறை அல்லது கோபுரத்தின் குறை. கரண்ட் நீண்ட நேரம் போனால் கோபுரத்தின் பற்றரியும் தீர்ந்துவிடும், அப்போது ஊருக்கே சிக்னல் இருக்காது. அவருக்கு மட்டும் கிடைத்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

கடலுக்குப் போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, எவ்வளவு தூரம் வரை போன் வேலை செய்யும் என்று. பூமி வளைந்திருக்கிறது, கோபுரம் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். 40 மீற்றர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து அடிவானம் ஏறத்தாழ 23 கிலோமீற்றர். அலைகள் சற்று வளைந்து போவதாலும், படகில் நின்று போனை உயர்த்திப் பிடிப்பதாலும் 30 கிலோமீற்றர் வரை கிடைக்கக்கூடும். குன்றின் மேலே உள்ள கோபுரமென்றால் இன்னும் கொஞ்சம். ஆனால் பழைய 2ஜி முறைக்கு வேறொரு எல்லையும் உண்டு. அதில் ஒவ்வொரு போனுக்கும் பேச மிகச் சிறிய நேரத் துண்டு ஒதுக்கப்படுகிறது. 35 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வரும் அலை அந்தத் துண்டைத் தவறவிட்டுவிடும். அதற்குப் பிறகு கோடு தெரிந்தாலும் சாதாரணமாக இணைப்புக் கிடைக்காது. ஆகவே கரை தெரியும்போதே வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள், போனை மட்டும் நம்பி ஆழ்கடலுக்குப் போகாதீர்கள். ஜி.பி.எஸ் வேறு விஷயம். அது நேரே செய்மதியிலிருந்து வருகிறது, சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் போதும்.

கோபுரம் தெரியாத இடத்தில் போன் சும்மா இருக்காது. உரக்கக் கத்தித் தேடிக்கொண்டே இருக்கும். பலவீனமான இடத்தில் அது அனுப்பும் பலத்தைக் கூட்டும். அதனால் பற்றரி கொதிக்கும், விரைவில் இறங்கும். சிக்னல் இல்லாத இடத்தில் நீண்ட நேரம் இருக்கப் போகிறீர்கள் என்றால் விமானப் படம் போட்ட 'ஏர்பிளேன் மோட்'டைப் போட்டு வையுங்கள்.

அதே விமானப் படம் ஒரு மருந்தும் கூட. கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போதோ, கந்தளாய் வழியாகப் பஸ்ஸில் போகும்போதோ, போன் ஒரு கோபுரத்தைக் கைவிட்டு அடுத்ததைப் பிடித்துக்கொண்டே போகிறது. சிலவேளை தூரத்துப் பழைய கோபுரத்தையே விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஏர்பிளேன் மோட்டைப் போட்டு, பத்து வரை எண்ணி, எடுத்துவிடுங்கள். போன் எல்லாவற்றையும் மறந்து, புதிதாகத் தேடி, கிட்ட உள்ள நல்ல கோபுரத்தில் பதிவுசெய்யும். நான் சொல்லும் எல்லா வழிகளிலும் அதிகம் பலித்தது இதுதான்.

அதற்கும் மசியவில்லை என்றால் போனை அணைத்துப் போடுங்கள். பிறகு சிம்மைக் கழற்றி, பொன் நிறப் பகுதியை மெல்லிய காய்ந்த துணியால் துடைத்துப் போடுங்கள். கடல் காற்றில் அங்கேயும் படலம் படியும். அடுத்து, சிம்மை வேறொருவரின் போனில் போட்டுப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் சிம் நல்லது, குறை போனில். அங்கேயும் செத்திருந்தால் சிம் மாற்றவேண்டும். இந்த ஒரு சோதனை பலருக்குப் பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தியிருக்கிறது. சிம் நல்லது, போனுக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால், செட்டிங்ஸில் நெட்வேர்க்கைத் தானாகத் தெரிவுசெய்யும்படி விட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக 'ரீசெட் நெட்வேர்க் செட்டிங்ஸ்'. அதில் படங்கள் அழியாது, வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் இணைப்புகளும் மறந்துபோகும். 'ஃபக்டரி ரீசெட்' என்பது வேறு, எல்லாவற்றையும் அழித்துவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்ளவேண்டாம்.

கோடு நிறைய, ஆனால் எதுவும் திறக்கவில்லை என்பது வேறு சிக்கல். சிவராத்திரி இரவில் கோணேசர் கோயில் வளவுக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கோபுரம் கிட்டத்தான், அலை பலமாகத்தான் வருகிறது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கேட்கும்போது ஒவ்வொருவருக்கும் கிடைப்பது ஒரு துளி. அங்கே வீடியோ கோலுக்குப் போராடாமல் எழுத்தில் ஒரு செய்தி அனுப்பினால் அது பெரும்பாலும் நுழைந்துபோய்விடும்.

கோல் வருகிறது, ஆனால் தெரிவதில்லை

முதலில் ஒரு அடிப்படை. சாதாரண கோலும் வட்ஸ்அப் கோலும் இரண்டு வேறு பாதைகள். சாதாரண கோலுக்கு டேட்டா வேண்டாம், வட்ஸ்அப் கோலுக்கு டேட்டாவோ வைஃபையோ இல்லாமல் ஏலாது. ஒன்று வேலை செய்து மற்றது செய்யாவிட்டால் பெரும்பாலும் போன் நல்லது, அந்த ஒரு பாதைதான் அடைபட்டிருக்கிறது. வட்ஸ்அப் மட்டும் இல்லையென்றால் டேட்டா முடிந்துவிட்டதா, அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண கோல் மட்டும் போகவில்லையென்றால் றீலோட் மிச்சத்தைப் பாருங்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் நான் அதிகம் கேட்கும் முறைப்பாடு இது: "நான் பத்துத் தரம் எடுத்தன் எண்டு மகள் சொல்றா, இங்க ஒரு தரமும் அடிக்கேல்ல." இதில் இருவருமே பொய் சொல்லவில்லை. பற்றரியைச் சேமிப்பதற்காகப் போன், திறந்து பாவிக்காத செயலிகளைத் தூங்க வைக்கிறது. வட்ஸ்அப்பும் அப்படித் தூங்கினால் கோல் வந்ததே தெரியாது. போனைத் திறந்ததும் தவறிய கோல்கள் எல்லாம் ஒன்றாக வந்து விழும். செட்டிங்ஸில் ஆப்ஸ், வட்ஸ்அப், பற்றரி என்று போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்பதைப் போடுங்கள். பற்றரி சேமிப்பு முறை எப்போதும் போட்டிருந்தால் அதையும் எடுங்கள். பற்றரி கொஞ்சம் கூடுதலாக இறங்கும். பிள்ளையின் குரலுக்கு அது பெரிய விலை இல்லை.

சாதாரண கோலும் அடிக்காவிட்டால் மேலே ஒரு வட்டத்துக்குள் கோடு போட்ட அடையாளமோ, ஐபோனில் பிறைச் சந்திரனோ இருக்கிறதா என்று பாருங்கள். அது தொந்தரவு செய்யாதே என்ற நிலை. இன்னொரு மறைவான காரணமும் இருக்கிறது, அது விரல் அசைவுக்கு அண்ணன் மாதிரி. சில போன்களைக் கவிழ்த்து வைத்தால் சத்தம் நின்றுவிடும். கண்ணாடி கீறாமல் இருக்கட்டும் என்று போனை முகம் கீழாக மேசையில் வைக்கிறவர்கள் கவனிக்கவேண்டும். நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். அடித்தால் காரணம் கிடைத்துவிட்டது.

கோல் வந்ததும் இன்டர்நெட் நின்றுவிடுகிறது, கோலை வைத்ததும் வருகிறது என்றால், உங்கள் போன் 4ஜி யில் குரலைக் கொண்டுபோகவில்லை. ஒவ்வொரு கோலுக்கும் பழைய முறைக்கு இறங்கிப் போகிறது. செட்டிங்ஸில் மொபைல் நெட்வேர்க் பகுதியில் 'வோல்ட்டி' என்று இருந்தால் போட்டுவிடுங்கள். குரலும் தெளிவாகும், கோலும் விரைவாக இணையும். வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த சில போன்களில் இங்குள்ள நிறுவனங்களுக்கு அது திறக்கப்பட்டிருக்காது. அது பழுது இல்லை, அந்தப் போனின் மென்பொருள் அப்படி. வெளியிலிருந்து வரும் போனோ, பழைய போனோ வாங்குவதற்கு முன் *#06# என்று அடித்து வரும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஐ.எம்.ஈ.ஐ என்ற நான்கு எழுத்து, ஓர் இடைவெளி, அந்த எண் என எழுதி 1909 க்கு எஸ்.எம்.எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும்.

கதைக்கும்போது கண்ணாடி கறுப்பாகி, கோல் முடிந்த பிறகும் விழிக்காவிட்டால் மேல் விளிம்பைப் பாருங்கள். அங்கே ஒரு சிறிய உணரி இருக்கிறது. பல போன்களில் அது கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பி, காது கிட்ட இருக்கிறதா என்று அறிகிறது. கன்னம் பட்டுக் கோல் வெட்டுப்படாமல் இருக்கத்தான் அது திரையை அணைக்கிறது. நல்லெண்ணெயோ, தூசியோ, பிழையாக ஒட்டிய டெம்பர் கிளாஸோ அதை மூடினால், காது இன்னும் அங்கேயே இருக்கிறது என்று போன் நினைத்துவிடும். துடைத்தால் பெரும்பாலும் சரி.

நான் கதைப்பது அவருக்குக் கேட்கவில்லை என்றால், போனில் உள்ள குரல் பதிவுச் செயலியில் பத்துச் செக்கன் பேசிக் கேட்டுப் பாருங்கள். பதிவு தெளிவென்றால் உங்கள் மைக் நல்லது, குறை சிக்னலிலோ அவரின் போனிலோ. பதிவும் மங்கலென்றால் கீழ் விளிம்பில் உள்ள சிறு துளை அடைபட்டிருக்கும். மென்மையான, காய்ந்த பல் துலக்கும் பிரஷால் தட்டிவிடுங்கள். ஊசியால் குத்தவே குத்தாதீர்கள். சிம் தட்டைத் திறக்கும் துளை என்று நினைத்து மைக் துளையில் கம்பியைக் குத்திக் கிழித்த போன்களைப் பார்த்திருக்கிறேன். அவருடைய குரல்தான் உங்களுக்குக் கேட்கவில்லை என்றால், புளூடூத் எங்கேயாவது இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மகனின் ஓட்டோவில் உள்ள ஸ்பீக்கர் வாசலில் நின்றபடி உங்கள் கோலைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

கோல்கள் வேறெங்கோ போகின்றன என்ற சந்தேகம் வந்தால் *#21# என்று டயல் செய்யுங்கள். உங்கள் கோல்கள் வேறு நம்பருக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று திரையில் வரும். ##002# என்று அடித்தால் எல்லாத் திருப்பல்களும் நீங்கும். இதைச் சொல்வதற்கு ஒரு முக்கியமான காரணம் உண்டு. பரிசு விழுந்திருக்கிறது, பார்சல் வந்திருக்கிறது என்று யாராவது அழைத்து, *21* அல்லது **21* என்று தொடங்கும் ஒரு எண்ணை அடிக்கச் சொன்னால் அடிக்காதீர்கள். அதை அடித்த அடுத்த கணமே உங்களுக்கு வரும் கோல்கள் அவருக்குப் போகும். வட்ஸ்அப் தன் இரகசிய எண்ணைக் கோல் மூலமாகவும் சொல்லும், அதைக் கேட்டு அவர் உங்கள் கணக்குக்குள் நுழைந்துவிடுவார். எந்தப் பழுதைச் சரிசெய்யவும் முன்பின் தெரியாத ஒருவர் சொல்லும் எண்ணை அடிக்கவேண்டிய தேவை இல்லை.

கடைக்குப் போவதென்றால்

இவ்வளவும் பார்த்து, குறை போனில்தான் என்று உறுதியான பிறகு கடைக்குப் போங்கள். "போன் வேலை செய்யுதில்ல" என்று மட்டும் சொல்லாமல் பார்த்ததைச் சொல்லுங்கள்: சிம்மை வேறு போனில் போட்டேன், வேலை செய்தது. படத்தை இழுத்துப் பார்த்தேன், வலது மேல் மூலையில் நழுவுகிறது. அப்படிச் சொல்கிறவருக்குத் தேவையில்லாத பாகத்தை மாற்றிக்கொடுப்பது கடினம். திருத்தக் கொடுக்கும் முன் படங்களையும் நம்பர்களையும் வேறிடத்தில் சேமியுங்கள், சிம்மைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

ஆச்சியின் போன் கவருக்குள் ஒரு சின்னக் கடதாசித் துண்டு வைத்திருக்கிறேன். முதல் வரி: தானாகக் கதைத்தால் இரண்டு சத்தப் பட்டனும் மூன்று செக்கன். இரண்டாவது வரி: சிக்னல் இல்லையென்றால் விமானம், பத்து வரை எண்ணி எடு. மூன்றாவது வரியை அவரே எழுதிக்கொண்டார், மகனின் நம்பரும் மகளின் நம்பரும். "இது செத்துப்போனாலும் ஆரின்ட போனில இருந்தும் எடுக்கலாம்தானே பிள்ளை" என்றார்.